வாட்டர்லூ தெருச் சனிக்கிழமைகள்

26 அக்டோபர் 2024, சனி

காலையில் லிஃப்ட் முன்னால் எதிர்வீட்டு ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். தலையில் ஸ்கார்ஃப், கையில் ஊன்றுகோல். யூதர்களின் ஓய்வு நாளான சபாத்தில் (வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை) அவர் எந்தப் பட்டனையும் தொடமாட்டார். 'கொஞ்சம் அழுத்தேன்' என்று என்னிடம் கேட்கவும் மாட்டார். புரட்டாசி முழுக்க இது இயல்பாகவே நடந்தது. நான் சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில் இருக்கும் கிருஷ்ணன் கோயிலுக்குக் கிளம்புவேன். எனக்காக லிஃப்ட்டை வரவழைப்பேன். அவரும் ஏறிக்கொள்வார். அவர் போகவேண்டிய மகேன் அபோத் யூத ஆலயமும் அதே தெருவில்தான் இருக்கிறது.

இன்று கதவு திறந்தும் அவர் ஏறவில்லை.

"புரட்டாசி முடிந்துவிட்டது என்றாயே. இன்று உனக்கு வேலை இருக்கிறதா, இல்லை எனக்காக இறங்குகிறாயா?"

"ஐப்பசியிலும் பெருமாளுக்குத் துளசி மாலை உண்டு ஆன்ட்டி" என்றேன். அது உண்மைதான், மாலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். சரி என்று ஏறினார்.

வழியில் காரணம் சொன்னார். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் சபாத் பற்றிய பகுதியின் பதினாறாம் அத்தியாயத்தில் இருக்கிறதாம். யூதரல்லாத ஒருவர் தனக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தில் யூதரும் இருக்கலாம். யூதருக்காகவே ஏற்றினால் கூடாது. ரப்பான் கம்லியேல் என்ற அறிஞரும் பெரியவர்களும் கப்பலில் வந்து சேர்ந்தது ஒரு சபாத் நாள். வேற்றினத்தவர் ஒருவர் தான் இறங்குவதற்காகப் பலகை போட, அதே பலகையில் அவர்களும் இறங்கினார்கள். "உன் லிஃப்ட்தான் எனக்கு அந்தப் பலகை" என்றார். லிஃப்ட் விஷயத்தில் இதைவிடக் கடுமையாக இருப்பவர்களும் உண்டாம். அவருக்கு முழங்கால் போய்விட்டது, ஒன்பது மாடி இறங்க முடியாது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர் அதை எடுத்துப்போகலாம் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

சிலிகி சாலையில் மெதுவாக நடந்தோம். எலிசன் கட்டடத்தின் உச்சியில் ஆறுமுனை நட்சத்திரமும் 1924 என்ற ஆண்டும் இருப்பதை இத்தனை வருஷம் நான் அண்ணாந்து பார்த்ததில்லை. மிடில் ரோடு முனையில் 1928இல் கட்டிய டேவிட் எலியாஸ் கட்டடம், அதிலும் நட்சத்திரம். பாக்தாத்திலிருந்தும் கல்கத்தா வழியாகவும் வந்த யூதக் குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நெருக்கமாக இருந்தன. மஹல்லா என்று சொல்வார்கள். எனக்கு இது தேக்காச் சந்தைக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

மிடில் ரோட்டில் பிரிந்தோம். இடப்பக்கம், 1870இல் ஆலமரத்தடியில் தொடங்கிய என் கிருஷ்ணன் கோயில். வலப்பக்கம், 1878இல் திறந்த அவருடைய ஆலயம்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. முறுக்கும் அதிரசமும் சுட்டேன், ஆனால் ஆன்ட்டி என் சமையலறைப் பண்டத்தைச் சாப்பிட முடியாது. கோஷர் என்ற யூத உணவு விதி. முழுப் பழத்துக்குத் தடையில்லை. மாதுளையும் வாழைப்பழமும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

மேஜையில் நாளை மாலைக்கான கண்ணாடிக் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வழக்கம், கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெய் மிதக்கவிட்டுத் திரி போடுவது. நான் காலையில்தான் அகல்களைத் துடைத்து வைத்திருந்தேன். லண்டனில் டிசம்பர் வந்தால் மூன்றரை மணி சுமாருக்கே சபாத் விளக்கை ஏற்றிவிட வேண்டுமாம், கோடையில் இரவு ஒன்பது ஆகிவிடுமாம். இங்கே நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்க ஆறரை ஏழு மணியோடு முடிந்துவிடுகிறது.

கிண்ணங்களுக்குப் பக்கத்தில் பெரிய புத்தகம் ஒன்று விரிந்திருந்தது. சென்ற ஆண்டு காலமான அங்கிளுடையது. நடுவில் யூத வேதமான தோராவின் எபிரேய மூலம் பெரிய எழுத்தில், பக்கத்தில் ஓன்கெலோஸ் என்பவரின் அரமேய மொழிபெயர்ப்பு, கீழே ராஷியின் உரை. தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு சுற்று ஆலயத்தில் வாசிக்கிறார்கள். அதற்குமுன் அந்த வாரப் பகுதியை வீட்டில் தனியாகவும் படிக்க வேண்டும். மூலம் இரண்டு தடவை, மொழிபெயர்ப்பு ஒரு தடவை. பெண்களுக்கு இது கடமை இல்லை. ஆனால் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அங்கிள் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டிருக்கிறார். ஒரு வருஷத்துக்கு ஒரு கோடு. சில இடங்களில் கோடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அந்த வரிசை நின்றுபோக ஆன்ட்டிக்கு மனமில்லை.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எபிரேயத்தை இரண்டு முறை படித்துவிடுகிறார். மூன்றாவது தடவைக்குக் கண் தாங்கவில்லை. "நீ மொழிபெயர்ப்பைப் படிக்கிறாயா?" என்று கேட்டார்.

நோவாவின் கதையை ஆங்கிலத்தில் படித்தேன். 'தன் தலைமுறையில் நீதிமானாக இருந்தான்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். ராஷி (1040–1105, பிரான்ஸில் திருவா ஊர்க்காரர்) அங்கே இரண்டு கருத்துகளையும் பதிவு செய்கிறார். அப்படிப்பட்ட காலத்திலேயே நல்லவன் என்றால், நல்லோர் நடுவே இன்னும் உயர்ந்திருப்பான் என்பது ஒன்று. யூதர்களின் மூதாதை ஆபிரகாம் காலத்தில் பிறந்திருந்தால் அவனைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள் என்பது மற்றது. எது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. நம் பழைய உரைகாரர்கள் 'என்பாரும் உளர்' என்று எழுதிவிட்டு மேலே போவார்களே, அதே நடை. உரை படித்து வளர்ந்த எனக்கு அந்தப் பக்கம் அந்நியமாகவே தெரியவில்லை. தமிழ் எம்.ஏ. வகுப்பில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

9 நவம்பர், சனி

பாதி வழியில் மழை. சபாத்தில் குடையை விரிப்பதில்லை, கூடாரம் அமைப்பதற்குச் சமம் என்பதால். எலிசன் கட்டடத்தின் அஞ்சடியில், அதாவது முகப்பு நடைபாதையில், இருபது நிமிஷம் ஒதுங்கி நின்றோம். 'உன் நாட்டை விட்டு, உன் தகப்பன் வீட்டை விட்டுப் போ' என்று ஆபிரகாமிடம் சொல்லும் பகுதி இந்த வாரம். தன் தாத்தாவின் தகப்பனார் கப்பல் ஏறி வந்ததைச் சொன்னார். அந்தக் காலத்தில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டில்தான் ஆலயம் இருந்தது. ஆலயம் இடம் மாறிய பிறகும் அந்தத் தெருவுக்கு சினகாக் ஸ்ட்ரீட் என்றே பெயர். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதை நானும் சொன்னேன். மழை விட்டது.

14 நவம்பர், வியாழன்

இன்று ஆங்கிலத்தில் படித்தபின், நான் கேட்காமலே, "இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்றார். அவருக்கு ஒரு சொல் புரியாது. சும்மா கேட்க வேண்டும் என்றார். ஆபிரகாம் வெயில் ஏறும் வேளையில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று வழிப்போக்கர்களைக் கண்டதும் எழுந்து ஓடுகிறார். அதைத் தமிழில் சொன்னேன். விருந்தினரை வரவேற்பது இறைவனின் திருமுன் நிற்பதைவிடப் பெரிது என்று யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் இந்த இடத்தை வைத்துச் சொல்கிறதாம்.

வெளியாள் நான் இப்படிச் செய்யலாமா என்று தயங்கினேன். ஆன்ட்டி அரமேயப் பத்தியைத் தொட்டுக் காட்டினார். "ஓன்கெலோஸும் பிறப்பால் யூதர் இல்லை, பிறகு வந்து சேர்ந்தவர் என்பது எங்கள் மரபு. அவருடைய மொழிபெயர்ப்பைத்தான் வாரா வாரம் படிக்கிறோம்." நான் மதம் மாறப் போவதில்லை, அது அவருக்கும் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்தபின் வெகுநேரம் அந்தப் பேச்சே மனதில் நின்றது.

16 நவம்பர், சனி

இன்று உள்ளே போனேன். ஆன்ட்டி முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். வாசலில் காவலர்கள் விசாரித்து, அடையாள அட்டை பார்த்து அனுப்பினார்கள். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

பெண்கள் மாடியில். கைப்பிடிச் சுவரருகே உட்கார்ந்தால் கீழே எல்லாம் தெரிகிறது. கூடத்தின் நடுவில் வாசிப்பு மேடை, எருசலேம் இருக்கும் மேற்குத் திசையில் பேழை. திரை விலகி, பேழை திறந்து, தோராச் சுருள் வெளியே வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். சுருளைத் துணியில் சுற்றி வைப்பார்கள் என்று படத்தில் பார்த்து நினைத்திருந்தேன். பாக்தாத் மரபில் அப்படி இல்லை. உருளை வடிவப் பெட்டிக்குள் சுருள் நின்றவாக்கிலேயே இருக்கிறது, கதவு மாதிரித் திறக்கிறது. வாசிப்பதற்கு முன்பே திறந்து, உயரத் தூக்கி, எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினார்கள். கீழே விரல்கள் அதை நோக்கி நீண்டன. என் பக்கத்தில் ஒரு பாட்டி கையை அதன் திசையில் நீட்டி உதட்டில் ஒற்றிக்கொண்டார். கற்பூரத் தட்டு வரும்போது என் அம்மா செய்வதை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் வாசிப்பு. இதைப் பற்றி எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே உண்டு. உயிர்க்குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, ராகக் குறியும் இல்லை. வாசிப்பவர் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து, எழுத்தைக் கண்ணால் பார்த்தபடி இசையோடு சொல்ல வேண்டும். மனப்பாடமாக ஒப்பித்தால் செல்லாது. பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஏழு பேரை ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கிறார்கள். ஓரிடத்தில் வாசிப்பவர் ஒரு சொல்லைப் பிசகினார். உடனே கீழே நாலைந்து குரல்கள் சரியான சொல்லைச் சொல்லின. அவர் நின்று, திரும்பிப்போய், சரியாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். யாருக்கும் கோபமில்லை, அவருக்கும் வெட்கமில்லை. ஒரு நூலைக் காப்பது என்றால் பூட்டி வைப்பது என்று நினைத்திருந்தேன். இங்கே கூடம் முழுக்க உட்கார்ந்து காதால் காக்கிறது. நம் ஊரில் வேதபாடசாலையில் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கடைக்காரரும் கணக்கரும் அலுவலகம் போகிறவரும் சேர்ந்து திருத்துவதை இன்றுதான் பார்த்தேன்.

அழியப்போகும் சோதோம் நகரை விட்டு ஓடச் சொல்லியும் லோத்து தாமதித்தான் என்ற சொல் வந்தபோது, ஆன்ட்டி அச்சுப் புத்தகத்தில் அதன் மேலிருந்த நெளிந்த ராகக் குறியைக் காட்டினார். ஷல்ஷெலெத், அதாவது சங்கிலி. தோரா முழுவதிலும் நான்கே இடங்களில் வருகிறதாம். போவதா வேண்டாமா என்று மனம் இழுபடுவதைத்தான் அந்தக் குறி காட்டுகிறது என்று விளக்கம் சொல்வார்களாம்.

21 நவம்பர், வியாழன்

இந்த வாரப் பகுதியின் பெயர் 'சாராளின் வாழ்நாள்'. ஆனால் தொடங்குவதே ஆபிரகாமின் மனைவியான அவள் இறப்பில்தான். 127 வயது. ஆபிரகாம் புலம்பவும் அழவும் வந்தார் என்று ஒரு வரி. அந்த 'அழ' என்ற சொல்லின் நடுவில் காஃப் எழுத்தை மட்டும் சிறியதாக எழுதுவார்கள், சுருளிலும் அப்படித்தான். ஆன்ட்டி கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மற்ற எழுத்துகளுக்கு நடுவே குழந்தை மாதிரி நின்றது.

"ஏன் சின்னது?"

"அவள் வயதாகி இறந்ததால் கொஞ்சமாகத்தான் அழுதார் என்கிறார்கள்." சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அழுகையை உள்ளே வைத்துக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது."

நான் தமிழில் சொல்லி முடித்ததும் பென்சிலை எடுத்து அங்கிளின் கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். கை நடுங்கியதால் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அழிக்கவில்லை.

30 நவம்பர், சனி

நேற்று மாலை ஆன்ட்டி வீட்டிலிருந்து ஹமீன் வாசனை நடைபாதை முழுக்க. கோழியும் அரிசியும் சபாத்துக்கு முன்பே அடுப்பேறிவிடும், இரவெல்லாம் மெல்லிய சூட்டில் கிடக்கும். நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்த நேரம் அது. தலையில் துளசி இருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

இன்று காலை லிஃப்ட் முன்னால் அதே கேள்வி.

"நேற்றே கோயிலுக்குப் போய்விட்டாயே. இன்று உனக்கு என்ன வேலை?"

"அப்பா ஆபிரகாம் தோண்டிய கிணறுகளை இந்த வாரப் பகுதியில் ஈசாக்கு திரும்பத் தோண்டப் போகிறார் ஆன்ட்டி. அதைக் கேட்க வேண்டும்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பட்டனை அழுத்தினேன். கதவு திறந்ததும் எனக்கு முன்னால் ஏறிவிட்டார்.