2024 அக்டோபர் 28-க்கு முன் ஒரு எஸ்எம்எஸ்

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நண்பர்களே, டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் ஆகிய தொலைபேசி நிறுவனங்கள் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜி என்ற பழைய மொபைல் சேவையை நிறுத்தின. ஜூன் கடைசியில் நிறுத்துவதாக இருந்த டெல்ஸ்ட்ரா இரண்டு முறை தள்ளிவைத்தது. மூன்றாவது முறை தள்ளிப்போகவில்லை.

"என்னுடையது 4ஜி போன்தானே" என்பதில்தான் ஆபத்து. சில 4ஜி போன்கள் சாதாரண அழைப்பை 4ஜியில் எடுத்துக்கொண்டு, அவசர உதவி எண்ணான 000 அழுத்தினால் மட்டும் 3ஜிக்குப் போகின்றன. வெளிநாட்டில் வாங்கிய போன்களில் இந்தச் சிக்கல் அதிகம்.

3ஜி நிற்பதற்கு முன் அம்மா வைத்திருந்த போன் கோயம்புத்தூரில் வாங்கியது. "நல்லாத்தானே பேசுது, எதுக்குடா மாத்தணும்?" என்றார். அவர் போனிலிருந்தே, போனைச் சரிபார்த்துச் சொல்லும் 3498 என்ற எண்ணுக்கு, 3 என்ற ஒற்றை எண்ணை மட்டும் எஸ்எம்எஸ் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: மாற்ற வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை. உடனே வேறு போன் வாங்கிவிட்டோம்.

000-க்கு அழைக்க முடியாத போன்களை நிறுவனங்கள் முழுதாகவே முடக்கியாக வேண்டும், அது விதி. ஆனால் வீட்டு வைஃபையில் வாட்ஸப் ஓடிக்கொண்டே இருக்கும். சிம் செத்துப்போனது பெரியவர்களுக்குத் தெரியவே தெரியாது. என் கவலையெல்லாம் இதுதான். நெஞ்சுவலி வரும் நேரத்தில் தெரிந்து என்ன பயன்?

அப்புறம், கழுத்தில் மாட்டும் அவசர அலாரம் வைத்திருந்தால் அதையும் விசாரியுங்கள். சிலவை 3ஜியில்தான் வேலை செய்தன.

போனைச் சரிபார்க்கத் தெரியாதவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்துத் தருகிறேன்.