விபூதிப் புதன் வருகிறது

இந்த வருஷம், 2026இல், சிவராத்திரி பெப்ரவரி 15, எங்கள் கத்தோலிக்கருக்குத் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் 18, முஸ்லிம்களின் நோன்புப் பிறையும் அதை ஒட்டித்தான். திருகோணமலையில் மூன்று சனமும் ஒரே கிழமைக்குள் கண்விழிப்பும் பசியுமாகக் கடவுளுக்கு முன் நிற்கப் போகிறோம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் தினமும் பூசுகிற விபூதியை நாங்கள் வருஷத்தில் ஒருநாள் வாங்குகிறோம், மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று ஃபாதர் சொல்லச் சொல்ல.

அந்தச் சாம்பல் போன வருஷம் குருத்தோலை ஞாயிறில் வாங்கிய ஓலையை எரித்து எடுப்பது. வீடுகளில் படத்துக்குப் பின்னால் செருகிக் காய்ந்துபோனதையெல்லாம் எங்கள் கோயிலில் கொடுக்க வேண்டும். பெரியம்மா தன்னுடையதைத் தந்தா, பெரியப்பாவுடையதைத் தரவில்லை. அவர் கார்த்திகையில் போய்விட்டார், அந்த ஓலையைச் சிலுவையாக மடித்தது அவருடைய கை. "அது கிடக்கட்டும் பிள்ளை" என்றா. நான் திரும்பக் கேட்கவில்லை.

எதற்காக வாழ்கிறோம் என்ற கேள்வி அன்றிலிருந்து கூடவே வருகிறது. நிறையக் காலம் வாழ்ந்து எதையாவது சாதித்தால்தான் அர்த்தம் என்றால், நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளில் கிடக்கிற 300க்கு மேற்பட்டவர்களை என்ன சொல்வது? இருபது வயதுப் பெடியன்கள் எத்தனையோ பேர், பிறந்த ஊர் எங்கோ இருக்க இங்கே கிடக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கை அரைகுறை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பெரியப்பா இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் எங்கள் பக்கம் ஒரு செத்தவீடு என்றால், சைவக்காரரோ வேதக்காரரோ, முதல் ஆளாகப் போய்ப் பந்தல் போட்டு, கதிரை இறக்கி, சேமக்காலையோ சுடலையோ கடைசிவரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து குளிப்பார், அப்புறம் எட்டாம் நாளுக்கும் முப்பத்தொராம் நாளுக்கும் திரும்பப் போவார், இடையில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போக வழி இருக்கிறதா என்றும் பார்ப்பார். இவ்வளவுதான் அவர் செய்தது. எனக்கு இதைவிடப் பெரிய நோக்கம் ஒன்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விடுவது நல்லதுதான், விடுவேன். ஆனால் பாரையும் அறுக்குளாவும் என்று நல்ல மீன் கிடைக்கிற ஊரில் அதை மட்டும் ஒறுத்தல் என்று சொல்ல மனம் வரவில்லை. எனக்கு உண்மையில் வலிப்பது நேரத்தைக் கொடுப்பதுதான். அதனால் இந்தத் தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதைச் செபம் முடிந்ததும் நேரே பெரியம்மா வீட்டுக்குப் போவதென்று முடிவெடுத்திருக்கிறேன், ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு. அவ கதைத்தால் கேட்பேன், கதைக்காவிட்டால் விறாந்தையில் சும்மா இருப்பேன். உங்கள் வீட்டுப் பக்கமும் அப்படித் தனித்துப்போன ஒருவர் இருந்தால், உயிர்ப்பு ஞாயிறு வரை காத்திராமல் இந்த வெள்ளியே போய்ப் பாருங்கள்.