வரப்புக்கு அந்தப் பக்கம்

இன்று பூசையில் மத்தேயு 5:23-24 வாசித்தார்கள். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் ஆகச் சொல்லும் பகுதி. எனக்கு அது பக்கத்துத் தோட்டத்து அக்கா. போர்வெல் தண்ணீர்த் தகராறில் இரண்டு மாதமாகப் பேச்சில்லை. (தப்பு முக்கால்வாசி என்னுடையதுதான்.)

சாயங்காலம் போனேன். தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. சரி என்று உட்கார்ந்து, காம்புப் பக்கம் வெடித்த பழங்களைத் தனியாகப் பொறுக்கிப் போட்டேன். அரைப் பெட்டி நிறைந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"விடியக்காலம் ராயக்கோட்டை மண்டிக்கு வண்டி வருது. கைய வெச்சுட்ட இல்ல, முடிச்சுட்டுப் போ."

களியும் கீரைக் கடைசலும் போட்டுத்தான் அனுப்பினார். தண்ணீர்ப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. அது இன்னும் பாக்கி.