வயது வரியில் ஒரு விரல்

இன்று ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது குருவானவர் மேசையில் ஒரு தாளை விரித்தார். எங்கள் பங்கின், அதாவது எங்கள் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின், மக்கள்தொகைக் கணக்கு. இங்கிலாந்து திருச்சபை 2021 சென்சஸை ஒவ்வொரு பங்குக்கும் பிரித்தே கொடுக்கிறது.

எல்லார் கண்ணும் முதலில் மதம் என்ற வரிக்குத்தான் போனது. போகாதா பின்னே? இங்கிலாந்து, வேல்ஸில் தங்களைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 2011இல் 59.3 சதவீதம். 2021இல் 46.2.

வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் மட்டும் வயது வரியில் விரலை வைத்தார். நகப்பூச்சு உரிந்த, லேசாக நடுங்கும் விரல்.

"இவ்வளவு கைக்குழந்தைகளா? நம் தெருக்களிலா?"

எங்கள் பெஞ்சுகளில் பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். பக்கத்து ஹாலோ வாரநாள் காலையெல்லாம் பூட்டியே கிடக்கிறது. குழந்தையோடு தனியாக வீட்டில் அடைந்து கிடக்கும் தாய்மார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள்.

யார் இருக்கிறார்கள் என்பதைத் தாள் சொல்லிவிடும். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதைக் கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் அட்டவணையை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் சபை பிழைக்காது என்றே நினைக்கிறேன்.

தமிழ் வீடுகளுக்கு நான் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆராதனைக்குக் கூப்பிட இல்லை. ஹாலைத் திறந்தால் எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்க.