பாடங்களை ட்ரைவில் போட முன்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூசன் எடுக்கும் பலர் இப்போது பாடங்களைத் தாங்களே பதிவு செய்து, கூகுள் ட்ரைவில் ஏற்றி, லிங்கை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். இணையத்தளத்துக்குக் காசு செலவழிக்காமல் முழுப் பாடத்தொகுதியையும் கொடுக்க இது நல்ல வழி. ஆனால் யார் யார் திறக்கலாம் என்பதை முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும்.

இலவசக் கணக்கில் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயிலும் போட்டோஸும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அதனால் பாடங்களுக்கென்று தனிக் கணக்குத் திறவுங்கள். ஸ்லைடும் குரலும் மட்டும் உள்ள பாடத்துக்கு 720பி படத்தரம் போதும். வீடியோவைச் சுருக்கும் இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் எம்பி4 கோப்பு வடிவம், எச்.264 சுருக்க முறை தெரிவு செய்து, வீடியோ பிட்ரேட்டை (ஒரு செக்கனுக்கான தரவின் அளவை) 800 கேபிபிஎஸ் என்று வைத்தால் 20 நிமிடப் பாடம் சுமார் 150 எம்பிக்குள் நிற்கும். எச்.265 இன்னும் சிறிதாக வரும். ஆனால் பழைய போன்கள் சிலவற்றில் ஓடாது. ஏற்றி முடிந்ததும் ட்ரைவ் அந்த வீடியோவைப் பதப்படுத்தச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குள் லிங்கை அனுப்பினால் 'வீடியோ ஓடவில்லை சேர்' என்ற செய்திகள் குவியும். முதல் நாள் இரவே ஏற்றிவிடுங்கள்.

குறிப்புகளை வேர்ட் கோப்பாகப் போடாதீர்கள். நம்மவர்கள் பலர் இன்னும் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் 'அம்மா' என்பது 'mk;kh' என்று வரும்; பிள்ளைக்கு ஒரு வரியும் விளங்காது. பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். கோப்பின் பெயரை மட்டும் யூனிகோடில், '01 அலகு', '02 அலகு' என்று எண்ணை முன்னால் வைத்து எழுதுங்கள்.

இனிப் பகிர்வு. 'லிங்க் உள்ள எவரும்' என்று விட்டால் அந்த லிங்க் வட்ஸ்அப்பில் எங்கெல்லாம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒவ்வொரு மாணவரின் ஜிமெயிலையும் ஒவ்வொரு போல்டரிலும் சேர்ப்பதும் சலிப்பான வேலை. இதற்குச் சிறந்தது, பலரின் மின்னஞ்சல்களை ஒரே முகவரியின் கீழ் சேர்க்கும் கூகுள் குரூப்ஸ். ஒரு குழு தொடங்குங்கள். அழைக்கப்பட்டவர் மட்டுமே சேரலாம், நீங்கள் மட்டுமே செய்தி போடலாம், உறுப்பினர் பட்டியலை நிர்வாகி மட்டுமே பார்க்கலாம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டால் பிள்ளைகளின் மின்னஞ்சல்களை எல்லோரும் பார்ப்பார்கள். பிறகு பாடப் போல்டரைக் குழுவின் முகவரியோடு 'வியூவர்' (பார்க்க மட்டும்) உரிமையில் பகிருங்கள். 'எடிட்டர்' கொடுத்தால் யாராவது தெரியாமல் ஒரு பாடத்தை அகற்றிவிடலாம். பகிர்ந்த போல்டருக்குள் எதைப் போட்டாலும் அதே உரிமை அதற்கும் போகும். விடைத்தாள்களும் அரைகுறைப் பதிவுகளும் வேறு போல்டரில் இருக்கட்டும்.

சேர்த்த பிறகும் 'அனுமதி தேவை' என்று வந்தால் பெரும்பாலும் கணக்குத்தான் மாறியிருக்கும். பிள்ளை அம்மாவின் போனில் திறக்கும். அதில் அம்மாவின் ஜிமெயில் இருக்கும். வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றச் சொல்லுங்கள். வருகிற வேண்டுகோளையெல்லாம் யார் எவர் என்று பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

டவுன்லோடைத் தடுப்பதா? பகிர்வு அமைப்பில் அதற்கு வழி உண்டு. ஆனால் 150 எம்பி பாடத்தை மூன்று தரம் ஓடவிட்டால் 450 எம்பி டேட்டா போய்விடும். ஒரு தரம் இறக்கி வைத்தால் எத்தனை தரமும் பார்க்கலாம். திரையைப் பதிவு செய்வதை எப்படியும் தடுக்க முடியாது. டேட்டா கார்டை எண்ணிப் போடும் வீடுகளை நினைத்து, திறந்து விடுவதே சரி என்பேன்.

ஒரே கோப்பைக் குறுகிய நேரத்தில் மிகப் பலர் திறந்தால் ட்ரைவ் அதைத் தற்காலிகமாகப் பூட்டிவிடும். திறக்க 24 மணித்தியாலம் வரை ஆகலாம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு புதிய பாடம் வெளியிடுவது அதனாலேயே ஆபத்து.

பாடத்தில் பிழை கண்டால் பழையதை அழித்துப் புதிதாக ஏற்றாதீர்கள், லிங்க் மாறிவிடும். கோப்பின் மெனுவில் 'மேனேஜ் வேர்ஷன்ஸ்' சென்று திருத்தியதை ஏற்றினால் லிங்க் அப்படியே இருக்கும். வகுப்பு முடிந்ததும் குழுவிலிருந்து அந்த ஆண்டு மாணவர்களை நீக்குங்கள்; எல்லாப் போல்டர்களும் அவர்களுக்கு ஒரேயடியாக மூடிவிடும்.