இரண்டாம் நாள் மட்டும் நின்றுபோன பிரதி: ஆர்சிங்க் சுருக்கப் பிழையைக் கண்டுபிடித்த அனுபவம்

ஸ்கேன் செய்த பக்கப் படங்களை டார் கோப்புகளாக (பல கோப்புகளை ஒன்றாக்கும் வடிவம்) தொகுத்து, இரவுதோறும் கோப்புகளைப் பிரதி எடுக்கும் கருவியான ஆர்சிங்க் 3.1.0 வழியாக வேறோர் ஊரிலிருந்த சர்வருக்குப் பிரதி எடுக்கும் பொறுப்பு 2014ஆம் ஆண்டில் என்னிடம் இருந்தது. முதல் நாள் எல்லாக் கோப்புகளும் குறைவின்றிப் போய்ச் சேர்ந்தன. மறுநாள், புதிய படங்கள் சேர்க்கப்பட்ட பெரிய கோப்பு ஒன்றை அனுப்பியபோது, ‘டிஃப்ளேட் ஆன் டோக்கன் ரிட்டர்ன்ட் 0’ என்று தொடங்கும் செய்தியோடு பணி பாதியில் நின்றது.

வெளியேறும்போது ஆர்சிங்க் தந்த எண் 12. நெறிமுறைத் தரவோட்டத்தில் பிழை என்பதே அதன் பொருள் என்பதால், நான் இணைய இணைப்பைச் சந்தேகித்து இரண்டு நாட்களைச் செலவிட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கோப்பில்தான் நின்றது. இணைப்பில் கோளாறு என்றால் இடம் மாறியிருக்க வேண்டும்.

பிறகு ஆர்சிங்கின் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். சுருக்கத்தை நிறுத்தினால் கோப்பு போனது. சுருக்கத்தை வைத்துக்கொண்டு, வேறுபாடுகளை மட்டும் அனுப்பும் முறையைக் கைவிட்டு முழுக் கோப்பையும் அனுப்பச் சொன்னாலும் போனது. சுருக்கமும் வேறுபாடு அனுப்பும் முறையும் சேரும்போது மட்டுமே, அதுவும் 1 ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகளில் மட்டுமே, முறிந்தது. முதல் நாள் ஏன் பிழை தென்படவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது: மறுமுனையில் பழைய பிரதி இல்லாதபோது ஒப்பிட எதுவும் இல்லை.

மூல நிரலைப் படித்ததில் காரணம் கிடைத்தது. மறுமுனையில் ஏற்கெனவே இருக்கும் பகுதிகளை ஆர்சிங்க் அனுப்புவதில்லை. ஆயினும் அடுத்து வருவதை நன்றாகச் சுருக்குவதற்காக, அந்தப் பதிப்பு அப்பகுதிகளைச் சுருக்க நூலகத்தின் (சுருக்கும் வேலையைச் செய்யும் நிரல் தொகுதியின்) நினைவில் மட்டும் பதித்தது. வெளியீடு எதுவும் தராமல் இப்படிப் பதிக்கும் வசதி, ஆர்சிங்கோடு வரும் திருத்தப்பட்ட இசட்லிப் என்ற சுருக்க நூலகத்தில் உண்டு, பொதுவான இசட்லிப்பில் இல்லை. எங்கள் அனுப்பும் சர்வரில் நிறுவியிருந்த ஆர்சிங்கோ பொது நூலகத்துடன் கட்டப்பட்டிருந்தது. அதனால் அந்த நூலகம் வழக்கம்போலச் சுருக்கி வெளியீட்டையும் எழுத முயன்றது. அதற்கு ஒதுக்கிய இடமோ 32 கேபியைச் சற்றே தாண்டியது. எங்கள் ஸ்கேன் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜேபெக் வடிவில் இருந்ததால் மேற்கொண்டு சுருங்கவில்லை. கோப்பின் அளவுக்கு ஏறக்குறைய வர்க்கமூலமாக ஆர்சிங்க் வெட்டும் துண்டு 1 ஜிபியைத் தாண்டும்போது 32 கேபியை மீறிவிடுகிறது. இடம் போதாமல் உள்ளீட்டில் மிச்சம் நின்றது. அதையே செய்தி சொன்னது.

அன்றிரவே சுருக்கத்தை நீக்கி வேலையை ஓடவிட்டேன். வார இறுதியில் உள்ளிணைந்த இசட்லிப்புடன் ஆர்சிங்கை மறுபடி கட்டி நிறுவி, செக்சம் ஒப்பீட்டோடு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு) ஒருமுறை முழுவதும் ஓட்டினேன். ஒரு கோப்பும் வேறுபடவில்லை. பொருந்திய பகுதிகளைச் சுருக்கத்தில் சேர்க்காத புதிய முறை 3.1 வரிசையின் பிந்தைய வெளியீடுகளில் வந்தபோது, இரு முனைகளையும் ஒரே நாளில் மேம்படுத்தி அதற்கு மாறிக்கொண்டேன்.