நாலு நொடிக்குள் ஒரு மிருகம்

ஒரு வாக்கியத்துக்கு எனக்குக் கிடைப்பது நாலு நொடி. அதற்குள் முதலை பாய வேண்டும், மான் சாக வேண்டும், பார்க்கிறவருக்கு அந்த மான்மீது ஒரு துளி இரக்கமும் வந்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் இதெல்லாம் அடங்கிவிடும். தமிழில் "உவர்நீர் முதலை" என்று சொல்லி முடிப்பதற்குள் மானின் பின்னங்கால் தண்ணீருக்குள் போயிருக்கும்.

பதினோரு வருடம் இதுதான் பிழைப்பு. வெளிநாட்டு வனவிலங்குத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது. சாலிகிராமத்தில் ஒரு வீட்டின் மாடியில் ஸ்டுடியோ. நிமிடக் கணக்கில் சம்பளம். இசை மட்டும் ஓடுகிற நிமிடங்களுக்குக் காசு உண்டா இல்லையா என்ற சண்டை மாதாமாதம் வரும். அதில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

2010-இல் சேர்ந்தேன். அடுத்த வருடமே முதல் தகராறு, கொமோடோ டிராகனால். இந்தோனேசியாவின் கொமோடோ, ரிஞ்சா தீவுகளில் வாழ்கிற பிராணி. மூன்று மீட்டர் வரை நீளம், எழுபது கிலோ எடை. எருமையையே மடக்கிவிடும். ஆனால் இனம் என்னவோ நம்மூர் வரப்பில் ஓடுகிற உடும்புதான். நான் "கொமோடோ உடும்பு" என்று எழுதிக் கொடுத்தேன். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"உடும்புன்னு போட்டா யாருக்குப் பயம் வரும்? கறிதான் ஞாபகம் வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் "உடும்புப் பிடி" என்ற சொல்லை வைத்திருக்கிற மொழிக்கு டிராகன் எதற்கு என்று எனக்கும் பிடிவாதம். அந்தத் தீவுக்காரர்கள் அதை "ஓரா" என்கிறார்கள். 1910-இல் டச்சு அதிகாரி ஒருவர் அதைத் தேடிப் போனதே "நிலத்தில் ஒரு முதலை இருக்கிறது" என்ற பேச்சைக் கேட்டுத்தான். 1912-இல் அறிவியல் பெயர் சூட்டியவரும் அதை உடும்பு வகையில்தான் சேர்த்தார். டிராகன் எல்லாம் அப்புறம் ஒட்டிக்கொண்டது. கடைசியில் தலைப்பில் டிராகன், உள்ளே உடும்பு என்று சமரசம் ஆனது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஸ்கிரிப்டுக்குள் இருந்தது. கொமோடோவின் வாயில் அழுகல் பாக்டீரியா இருக்கிறது, அதனால்தான் கடிபட்ட எருமை சில நாளில் சீழ்பிடித்துச் சாகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன். ஆனால் 2009-இலேயே பிரையன் ஃப்ரை என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டிவிட்டார்கள். இரத்தம் உறையாமல் தடுத்து, இரத்த அழுத்தத்தையும் இறக்குகிற நஞ்சு. தொடர் அதற்கு முன்பே எடுக்கப்பட்டது, யாரும் திருத்தவில்லை. மெயில் போட்டுக் கேட்டேன். "ஸ்கிரிப்ட்படி போங்க" என்று ஒரு வரியில் பதில்.

அன்றைக்குப் பூத்தில் குரல் கொடுக்க உட்கார்ந்திருந்தவர் முப்பது வருட அனுபவஸ்தர். மேடை நாடகத்திலிருந்து வந்தவர். ஸ்கிரிப்டை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "தம்பி, 'காரணம்' அப்படிங்கிறதுக்குப் பதிலா 'காரணம்னு நெடுநாள் நம்பினாங்க'ன்னு படிச்சிரட்டுமா? மூச்சு பத்தும்" என்றார். பத்தியது. தணிக்கை பார்த்தவர் நேரத்தைத்தான் சரிபார்த்தார், பொருளைப் பார்க்கவில்லை. அப்படியே ஒளிபரப்பானது. பதினோரு வருடத்தில் நான் செய்த ஒரே புரட்சி அதுதான், அதையும் வேறொருவர் குரலில்.

பொறுப்பாளருக்கு மூன்று அடைமொழிகள் உயிர். கொடூர, கொலைகார, மரண. "இது போரடிக்குது, ஒரு 'மரண' போடுங்க" என்பார், உப்புப் போடச் சொல்வதுபோல. காசோவரி என்று ஒரு பறவை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் நியூகினியிலும் மழைக்காட்டில் வாழ்வது. ஆளுயரம், நீலக் கழுத்து, தலையில் கொம்பு மாதிரி ஒரு கொண்டை. காலின் உள்விரலில் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை வளரும் கத்தி போன்ற நகம். தமிழில் அதற்குப் பெயர் கிடையாது. நெருப்புக்கோழி என்றே போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார், நெருப்புக்கோழிக்கு ஏற்கெனவே ஒரு முகவரி இருக்கிறது என்று மறுத்தேன். கடைசியில் தலைப்பு, "மரணப் பறவை காசோவரி."

இந்த மரணப் பறவை கொன்றதாகப் பதிவாகியிருக்கும் மனிதர்கள் இரண்டே பேர். ஒருவர் 1926-இல் குவீன்ஸ்லாந்தில் இறந்த பதினாறு வயதுப் பையன். எங்களுக்கு வந்த ஸ்கிரிப்ட், காட்டில் போன சிறுவனைப் பறவை தாக்கிக் கொன்றது என்றது. அந்தப் பையனும் தம்பியும் நாயோடு போய், தடியால் அடித்து அதைக் கொல்லப் பார்த்தார்கள் என்பது நானாகத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. இன்னொருவர் 2019-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், தான் வளர்த்த பறவையாலேயே இறந்தார். குவீன்ஸ்லாந்தில் மனிதர்கள்மீது நடந்த 150 தாக்குதல்களை ஒரு ஆய்வாளர் ஆராய்ந்திருக்கிறார். அவற்றில் முக்கால்வாசி, ஆட்கள் தீனி போட்டுப் பழக்கிய பறவைகள் செய்தவை. வாழைப்பழம் கொடுத்துக் கொடுத்து, கொடுக்காதவனை உதைக்க வைத்துவிட்டார்கள். இதற்கு எந்த அடைமொழியும் பொருந்தாது. பழனி மலைக் குரங்குகளைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. முட்டைமேல் ஐம்பது நாள் உட்கார்ந்து, குஞ்சுகளை ஒன்பது மாதம் கூட்டிக்கொண்டு அலைவது அப்பாப் பறவைதான். அந்தக் காட்சி ஆங்கிலத்தில் இருபது நொடி இருந்தது. நம் பதிப்பில் விளம்பரத்துக்காக வெட்டிவிட்டார்கள்.

சில பெயர்கள் மட்டும் அகராதியில் இல்லாமல் கரையில் கிடந்தன. பாக்ஸ் ஜெல்லி மீனுக்கு "இழுதுமீன்" என்று பாடநூல் வார்த்தையைப் போட்டிருந்தேன். சவுண்ட் இன்ஜினியர் ராமேஸ்வரம் பையன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணே, சொறின்னு போடுங்க. பட்டா சொறியும்ல" என்றான். ஒரே நொடியில் முடிந்தது. ஆக்டோபஸுக்கு அவர்கள் ஊரில் "பேய்க்கணவாய்" என்று பெயர் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. நீல வளைய ஆக்டோபஸ் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான். கோபம் வந்தால் உடம்பில் நீல வட்டங்கள் மின்னும். அதன் நஞ்சும் பேத்தை மீனின் நஞ்சும் ஒன்றே. முறிவு மருந்து கிடையாது. கடிபட்டவருக்கு நினைவு இருக்கும், காது கேட்கும், ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாது, மூச்சும் நின்றுவிடும். நஞ்சு வடியும்வரை வேறொருவர் அவருக்காக மூச்சு ஊதிக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்வார். இந்தப் பகுதியைப் பதிவு செய்தபோது பூத்தில் யாரும் பேசவில்லை. "ஒரு ஆக்டோபஸ் இத்தனை பேரைக் கொல்லும்" என்ற வழக்கமான கணக்கு மட்டும் அடுத்து வந்து அதைக் கெடுத்தது. உண்மையில் அதனால் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இருகாஞ்சி என்ற சொறி இன்னும் சின்னது, நகம் அளவு. குவீன்ஸ்லாந்துக் கடலில் குளித்தவர்கள் கரையேறி அரைமணி நேரம் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடித்தார்கள். எது கடித்தது என்றே தெரியவில்லை. ஜாக் பார்ன்ஸ் என்ற மருத்துவர் 1961-இல் ஒரு சின்னச் சொறியைப் பிடித்து, தன்மேலும் ஒன்பது வயது மகன்மேலும் ஒரு கடற்கரைக் காவலர்மேலும் வைத்துப் பார்த்தார். மூவரும் ஆஸ்பத்திரியில். என் மகனுக்கும் அப்போது ஒன்பது வயது. எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். திரும்பி வந்தால் அடுத்த சங்கடம். அந்தக் கொட்டுக்கு வலியைத் தவிர இன்னொரு அறிகுறி உண்டு, ஏதோ பேரழிவு வரப்போகிறது என்ற நிச்சயம். ஆங்கிலத்தில் இரண்டே சொல். நான் எழுதிய "மரண பீதி"யைப் பொறுப்பாளர் உடனே ஏற்றுக்கொண்டார், அதில் "மரண" இருந்ததால். குரல் கொடுத்த அண்ணன்தான், "எங்க அம்மா கடைசி நாள்ல 'என்னமோ பண்ணுதுடா'ன்னு சொன்னா தம்பி. அதான் இது" என்றார். அந்த வார்த்தையை வைத்தோம். திரையில் வெள்ளைக்கார நோயாளி "என்னமோ பண்ணுது, என்னமோ நடக்கப்போகுது" என்றார்.

நீர்யானைக்கு நேர்மாறான கதை. ஆப்பிரிக்காவில் மிகுதியாக ஆட்களைக் கொல்கிற பெரும் விலங்குகளில் ஒன்றுக்கு நாம் வைத்திருப்பது குழந்தைப் பாட்டுப் பெயர். கிரேக்கர்களுக்கு அது ஆற்றுக்குதிரை. யானையும் இல்லை, குதிரையும் இல்லை, அதற்கு மிக நெருங்கிய சொந்தம் திமிங்கிலம். என்ன அடைமொழி போட்டாலும் "நீர்யானை" என்ற சொல் பயத்தைக் கரைத்துவிட்டது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு இரவு தைப்பான் பாம்பு எபிசோட். ஆஸ்திரேலியாவின் நடுவே வறண்ட நிலத்தில் வாழும் வகை. எலிகளில் சோதித்த கணக்கில் தரைப் பாம்புகளில் அதுவே கடும் நஞ்சு. அதனால் மனிதர் யாரும் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. "உலகின் நம்பர் ஒன் கொலைகாரன்" என்று படித்து முடித்தபோது, டீ கொண்டுவந்து நின்றிருந்த வாட்ச்மேன் கேட்டார், "இது எந்த ஊர் சார்?" சொன்னேன். "எங்க தங்கச்சிய கட்டுவிரியன் கடிச்சுது சார். பாய்ல படுத்திருந்தா. வயித்து வலின்னுதான் சொன்னா, கடிச்சதே தெரியல. காலைல இல்ல." டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு கீழே போய்விட்டார். 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஒரு ஆய்வு பின்னால் வந்தது. எனக்கு வந்த ஸ்கிரிப்ட் எதிலும் ஆபத்து நம்மூர்ப் பாயில் படுத்ததில்லை. எப்போதும் வேறு நாட்டில்தான் இருந்தது.

நான் செய்த தப்புக்கு வருகிறேன். "விசித்திரக் கொலைகாரர்கள்" மாதிரி ஒரு தொடர். அதில் ஸ்லோ லோரிஸ் வந்தது, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இரவில் நடமாடும் பெரிய கண் பிராணி. முழங்கைக்கு அருகே ஒரு சுரப்பி, அதை நக்கி எச்சிலோடு கலந்து கடித்தால் நஞ்சு. பாலூட்டிகளில் இப்படி நஞ்சுள்ளவை மிகக் குறைவு. கிச்சுகிச்சு மூட்டினால் கையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பதுபோல் இணையத்தில் ஒரு வீடியோ சுற்றியது. அது சிரிப்பில்லை, சுரப்பியை எட்டுவதற்கான தயார்நிலை. எழுத எனக்கு உற்சாகமாக இருந்தது. தமிழில் பெயரும் தயாராக இருந்ததே. "விஷத் தேவாங்கு" என்று எழுதினேன். நாலு நொடிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒளிபரப்பான மறுநாள் அய்யலூரிலிருந்து பெரியம்மா மகன் போன். "ஏண்டா, நம்ம காட்டுத் தேவாங்கு கடிச்சா ஆள் செத்துருமாமே? டிவில சொன்னாங்களாம். பயலுக கம்ப எடுத்துக்கிட்டுத் திரியிறானுக."

நம்முடையது வேறு. சாம்பல் தேவாங்கு, குச்சி குச்சியான கைகால், நஞ்சு கிடையாது. ராத்திரி முள்மரத்தில் பூச்சி பிடித்துத் தின்று விவசாயிக்கு உதவி செய்கிற ஜீவன். ஒல்லியாக இருப்பவனை "தேவாங்கு மாதிரி இருக்கான்" என்று திட்டியதைத் தவிர நாம் அதற்கு ஒரு மரியாதையும் செய்ததில்லை. மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதோடு நான் ஒரு பொய்யையும் கட்டி அனுப்பிவிட்டேன். அண்ணனிடம் அரைமணி நேரம் விளக்கினேன். ஸ்டுடியோவில் மறு ஒளிபரப்புக்காவது மாற்றலாம் என்று கேட்டேன். பூத் வாடகை யார் கொடுப்பது என்று கேட்டார்கள். அந்த மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி "ஆசிய லோரிஸ்" என்று இரண்டே இடத்தில் திருத்தினேன். அசிங்கமான சொல். ஆனால் அய்யலூரில் யாரும் அதைத் தேடிக் கம்பெடுத்துப் போக முடியாது.

2021-இல் வேலையை விட்டேன். அடுத்த வருடம் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். அந்த டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். இரவு எட்டு மணி வாக்கில் அண்ணன் தன் தோட்டத்து வேலியோரம் கூட்டிப் போனார். டார்ச்சின்மேல் சிவப்பு ஜிகினாத்தாள் சுற்றியிருந்தோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கிளைகளுக்கு நடுவே இரண்டு பொட்டு, நெருப்புக் கங்கு மாதிரி, எங்களையே பார்த்துக்கொண்டு.

அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "கடிக்குமாடா?"

"பிடிச்சா கடிக்கும். விஷம் இல்லண்ணே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "டிவில நீதானடா உண்டுன்னு எழுதுன" என்றார். கங்கு இரண்டும் ஒருமுறை அணைந்து, கொஞ்சம் மேலே போய் மறுபடி எரிந்தது.